எவ்வளவு நினைவகம் போதும்?

பள்ளி விடுமுறையின் முதல் வாரம். படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவன், காஜாங்கில் உள்ள தன் வீட்டில் கணினியின்முன் அமர்ந்திருந்தான். திரையில் அவன் ஓட்டிய சிறிய விமானம் சுபாங்கிலிருந்து புறப்பட்டு வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அவன் விளையாடியது, 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ என்னும் விமானம் ஓட்டும் விளையாட்டு. பினாங்குத் தீவு தெரியத் தொடங்கியதும் காட்சி அசையாமல் நின்றது. சில வினாடிகளுக்குப்பின் நகர்ந்தது, மீண்டும் நின்றது. தரையிறங்க வேண்டிய விமானம் கடலில் விழுந்தது.

ஒரு மாதமாகவே இந்தச் சிக்கல் இருந்தது. அவனிடம் 500 ரிங்கிட் சேமிப்பு இருந்தது. தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணமும், வார இறுதிகளில் மாமாவின் உணவுக்கடையில் வேலை செய்து பெற்ற ஊதியமும் சேர்ந்த தொகை அது. “32 ஜிகாபைட் நினைவகம் வாங்கிப் போடு. எல்லாம் சரியாகிவிடும்,” என்று நண்பன் ஆலோசனை கூறினான். அவனும் மொத்தப் பணத்தையும் அதற்கே செலவிட முடிவு செய்தான்.

பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயிலும் அக்கா அவனைத் தடுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “நினைவகம் போதாமல்தான் விமானம் விழுகிறது என்பது உனக்கு எப்படித் தெரியும், தம்பி?”

அவனிடம் பதில் இல்லை.

சமையல் மேடையும் சாமான் அறையும்

அவர்களுடைய அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர். அக்கா தம்பியைச் சமையலறைக்கு அழைத்துச் சென்றார். மாவு, சர்க்கரை, எண்ணெய் முதலியவை சாமான் அறையில் இருந்தன. அன்றைய முறுக்குக்கு வேண்டியவை மட்டும் சமையல் மேடைமீது இருந்தன. அம்மாவின் கை எட்டும் தொலைவில் எல்லாம் இருந்ததால், வேலை தடையின்றி நடந்தது.

“கணினியும் இப்படித்தான்,” என்றார் அக்கா. வேலை செய்யும் அம்மாதான் மையச் செயலகம். சாமான் அறைதான் வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம். படங்கள், பாடக் குறிப்புகள், விளையாட்டுகள் ஆகிய அனைத்தும் அங்கே நிலையாகச் சேமிக்கப்படுகின்றன. சமையல் மேடைதான் ‘ரேம்’ எனப்படும் தற்காலிக நினைவகம். ஒரு விளையாட்டைத் தொடங்கியதும், அப்போதைக்குத் தேவையான தரவுகள் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்துக்கு வருகின்றன. மின்சாரம் நின்றவுடன் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். சேமிப்பகத்தில் உள்ளவை அழிவதில்லை.

மேடை நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பாத்திரத்தை எடுத்துச் சென்று சாமான் அறையில் வைத்துவிட்டுத்தான் மற்றொன்றைக் கொண்டுவர முடியும். கணினியும் அதையே செய்கிறது. நினைவகம் நிரம்பும்போது, உடனடியாகத் தேவைப்படாத தரவுகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றுகிறது. தேவை ஏற்படும்போது திரும்ப எடுத்துவருகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் நேரம் வீணாகிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற, ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்து மில்லியனில் ஒரு பங்கு நேரம் போதும். எஸ்.எஸ்.டி.யிலிருந்து பெறுவதற்கு அதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நேரம் ஆகும். சுழலும் வன்தட்டாக இருந்தால், அது நூறாயிரம் மடங்காகிறது. திரையில் காட்சி அசையாமல் நிற்பதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு முக்கியக் காரணம்.

அதே சமயம், மற்றோர் உண்மையையும் அக்கா சுட்டிக்காட்டினார். மேடையில் போதிய இடம் இருக்கும்போது, அதை இன்னும் இரு மடங்கு பெரிதாக்கினால் அம்மாவின் கை வேகமாகச் சுழலுமா? சுழலாது. காலியாகக் கிடக்கும் நினைவகம் விளையாட்டை வேகப்படுத்துவதில்லை.

நண்பனின் அனுபவம்

32 ஜிகாபைட் வாங்கச் சொன்ன நண்பனும் அவ்வாறே செய்தவன்தான். அவனுடைய கணினியில் ஏற்கெனவே 16 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. அதை இரட்டிப்பாக்கிய பிறகும் அவனுடைய விளையாட்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால், பணம் செலவழித்துவிட்டதால் அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டதால், அவன் தன் கணினியைச் சோதித்துப் பார்த்தான். விளையாடும்போது பயன்பட்ட நினைவகம் 11 ஜிகாபைட்டைத் தாண்டவில்லை. ஆனால், வரைகலை அட்டை நூறு விழுக்காடு வேலை செய்துகொண்டிருந்தது. திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியையும் வரைந்து தருவது அந்த அட்டையின் வேலை. அதற்கெனத் தனி நினைவகமும் அதிலேயே உண்டு. தாய்ப்பலகையில் பொருத்தும் நினைவகத்தைக் கூட்டினாலும், வரைகலை அட்டையின் நினைவகம் கூடாது. நண்பனின் கணினியில் சுமை ஓரிடத்தில் இருந்தது. அவன் பணத்தை வேறோர் இடத்தில் செலவிட்டிருந்தான். நிழல்களின் தரத்தை விளையாட்டின் அமைப்பில் சற்றுக் குறைத்தபோது, காட்சி சீராக ஓடியது. அதற்கு ஒரு காசுகூடச் செலவாகவில்லை.

அளந்து பார்த்தல்

அடுத்த நாள், அக்காவும் தம்பியும் வீட்டுக் கணினியை முறையாகச் சோதித்தனர். விண்டோஸ் இயங்குதளத்தில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் கருவி உள்ளது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அது திறக்கும். நினைவகம், மையச் செயலகம், வரைகலை அட்டை, சேமிப்பகம் ஆகியவை அந்நேரத்தில் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை அதில் காணலாம்.

அவர்களுடைய கணினியில் மொத்தம் 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. முதலில், கணினியை இயக்கியதும் அளந்தார்கள். 3 ஜிகாபைட் பயன்பட்டது. அடுத்து, தம்பி வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் இணைய உலாவியையும் உரையாடல் செயலியையும் திறந்தார்கள். அளவு 5 ஜிகாபைட்டைத் தாண்டியது. பிறகு விளையாட்டைத் தொடங்கி, அதே வழியில் இருபது நிமிடம் விமானத்தை ஓட்டினார்கள். பினாங்கை நெருங்கியபோது 7.7 ஜிகாபைட் நிரம்பியிருந்தது. சேமிப்பகமும் ஓயாமல் வேலை செய்தது. காட்சி வழக்கம்போல் நின்று நின்று நகர்ந்தது.

நான்காவது முறை உலாவியையும் உரையாடல் செயலியையும் மூடிவிட்டு விளையாடினார்கள். வழி, வானிலை, காட்சித் தரம் ஆகிய எதையும் மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணத்தை உறுதியாகக் கண்டறிய முடியும் என்பதை அக்கா வலியுறுத்தினார். இம்முறை தடங்கல் பாதியாகக் குறைந்தது. ஆனால், முழுமையாக நீங்கவில்லை. தம்பியின் கணினியில் நினைவகம் உண்மையாகவே போதவில்லை என்பது இப்போது தெளிவாயிற்று.

தேவையை அறிதல்

அடுத்த கேள்வி, எவ்வளவு வேண்டும் என்பது. ஒவ்வொரு விளையாட்டையும் உருவாக்கும் நிறுவனம், அதற்குத் தேவையான நினைவக அளவை வெளியிடுகிறது. ‘குறைந்தபட்சம்’ என்று குறிப்பிடப்படும் அளவு, விளையாட்டு ஓடுவதற்கு மட்டும் போதுமானது. ‘பரிந்துரை’ என்று குறிப்பிடப்படும் அளவு, நன்றாக விளையாடுவதற்கு உரியது. தம்பி விளையாடிய 2020-ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிகாபைட்டும், பரிந்துரையாக 16 ஜிகாபைட்டும், மிகச் சிறந்த நிலைக்கு 32 ஜிகாபைட்டும் குறிப்பிடப்பட்டிருந்தன. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த அளவுகள் முறையே 16, 32, 64 என இரட்டிப்பாயின.

எல்லா விளையாட்டுகளும் இவ்வளவு கேட்பதில்லை. ‘டோட்டா 2’ 4 ஜிகாபைட்டையே குறைந்தபட்சமாகக் கேட்கிறது. ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’யோ குறைந்தபட்சமே 16 ஜிகாபைட் கேட்கிறது. ஆகவே, எளிய விளையாட்டுகளை மட்டும் விளையாடுபவருக்கு 8 ஜிகாபைட் ஓரளவு போதும். இக்காலப் பெரிய விளையாட்டுகளை விளையாடுபவருக்குப் பெரும்பாலும் 16 ஜிகாபைட் தேவை. மிகக் கனமான விளையாட்டுகளை விளையாடுபவருக்கும், விளையாடிக்கொண்டே காணொளி பதிவு செய்பவருக்கும் 32 ஜிகாபைட் பயன் தரும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தம்பிக்கு வேண்டியது 16 ஜிகாபைட் என்பது உறுதியானது. கணினியின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அக்கா பக்கவாட்டு மூடியைத் திறந்தார். தாய்ப்பலகையில் நினைவகத்தைப் பொருத்த இரண்டு செருகுமிடங்கள் இருந்தன. ஒன்றில் 8 ஜிகாபைட் கொண்ட நினைவகப் பட்டை இருந்தது. மற்றொன்று காலியாக இருந்தது. அதே வகையில் இன்னொரு பட்டை வாங்கினால் போதும். இரண்டு பட்டைகள் இணையாக இருக்கும்போது, தரவுகள் ஒரே நேரத்தில் இரு வழிகளில் செல்லும். அதனால் வேகமும் ஓரளவு கூடும்.

பட்டையின்மீது ஒட்டியிருந்த குறிப்பைத் தம்பி படமெடுத்துக்கொண்டான். அதில் ‘டிடிஆர் 4’ என்று இருந்தது. ‘டிடிஆர் 5’ என்பது அதற்குப் பின்வந்த வகை. இரண்டிலும் 288 இணைப்பு முனைகள் உள்ளன. ஆயினும், கீழ்ப்பகுதியில் உள்ள வெட்டு வேறுவேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வேகம் மாறுபட்ட இரு பட்டைகளைப் பொருத்தினால், வேகம் குறைந்ததற்கு ஏற்பவே இரண்டும் இயங்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் கூட்ட இயலாது. இவற்றை அறியாமல் கடைக்குச் செல்பவர், பணத்தோடு நேரத்தையும் இழக்க நேரிடும்.

சனிக்கிழமை இருவரும் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குச் சென்றனர். படத்தைக் காட்டி, அதே வகையில் 8 ஜிகாபைட் பட்டை ஒன்றை வாங்கினர். சேமிப்பில் ஒரு பகுதி செலவானது. எஞ்சிய தொகையைத் தம்பி பத்திரப்படுத்தினான்.

அன்று மாலை விமானம் மீண்டும் சுபாங்கிலிருந்து புறப்பட்டது. டாஸ்க் மேனேஜர் 16 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 11 ஜிகாபைட் பயன்படுவதாகக் காட்டியது. பினாங்குப் பாலம் கண்முன் விரிந்தது. காட்சி நிற்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தொட்டது. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களுக்கு மேல் பறந்தபோது மட்டும் சிறிது தடங்கல் இருந்தது. நினைவகத்தில் இடம் இருந்தும் வரைகலை அட்டை அப்போது முழுச் சுமையில் இருந்ததைத் தம்பியே கண்டுபிடித்தான். கட்டடங்களின் காட்சித் தரத்தை ஒரு படி குறைத்து, அதையும் சரிசெய்தான்.

மாறும் எண்கள், மாறாத முறை

1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியின் அடிப்படை வகையில் 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டூம்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக்கு 4 மெகாபைட் தேவைப்பட்டது. 16 ஜிகாபைட் என்பது அந்த 4 மெகாபைட்டைப்போல் 4,096 மடங்கு. இன்று போதுமானதாகத் தோன்றும் இந்த அளவும் ஒரு நாள் போதாமல் போகும். அப்போதும் நண்பர்கள் ஒரு புதிய எண்ணைச் சொல்வார்கள். விளம்பரங்கள் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லும். தம்பியோ முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பான். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. கணினியில் போடுவதற்கும் அது பொருந்தும்.

அருஞ்சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் எல்லாப் பணிகளையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருள்
தாய்ப்பலகை – கணினியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் மின்சுற்றுப் பலகை
வரைகலை அட்டை – திரையில் தோன்றும் காட்சிகளை உருவாக்கும் உறுப்பு
உலாவி – இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் மென்பொருள்

சிந்தித்து விடையளி

1. சமையல் மேடை, சாமான் அறை ஆகியவற்றைக் கணினியின் எந்தப் பகுதிகளோடு அக்கா ஒப்பிட்டார்? ஏன்?
2. நினைவகத்தை இரட்டிப்பாக்கியும் நண்பனின் விளையாட்டில் மாற்றம் ஏற்படாததற்குக் காரணம் என்ன?
3. சோதனையின்போது வழியையும் வானிலையையும் மாற்றாமல் வைத்திருந்தது ஏன்?
4. நீ அண்மையில் வாங்கிய அல்லது வாங்க விரும்பும் ஒரு பொருளை எடுத்துக்கொள். அது உனக்கு உண்மையிலேயே தேவையா என்பதை எவ்வாறு அளந்தறிவாய்? ஒரு பத்தியில் எழுது.