குரக்கனுக்கு ஏன் கலப்பின விதை இல்லை?

கேள்வி: கடையில் கலப்பினச் சோளன் விதை கிடைக்கிறது. குரக்கனுக்கு ஏன் இல்லை?
– அச்சுவேலி வாசகர்

பதில்: குரக்கன் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும் பயிர். பூவோ மிகச் சிறியது. ஒவ்வொன்றிலும் ஆண்பாகத்தை அகற்றி விதை உண்டாக்குவது கட்டுபடியாகாது.

கம்பில் நிலை வேறு; மகரந்தம் தராத தாய் கிடைத்ததால் ஆண்பாகத்தை அகற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவின் டிப்டனில் பயிர் விருத்தியாளர் பேர்ட்டன் உருவாக்கிய, மகரந்தம் தராத ‘டிப்ட் 23ஏ’ என்ற தாய் வரிசையைக் கொண்டு, 1965இல் இந்தியாவில் எச்பி-1 கலப்பினம் வெளிவந்தது. இப்படித் தாயைத் தெரிவுசெய்யும்போது அது தனியே எவ்வளவு விளைகிறது என்பது மட்டும் போதாது. பல தந்தை வரிசைகளுடன் சேர்த்து, பிள்ளைகளின் விளைச்சலை நிறுத்துப் பார்க்க வேண்டும். நோயையும் பார்க்க வேண்டும் (சம்பந்தம் பேசும்போது பரம்பரை வருத்தம் விசாரிப்பதில்லையா!). எழுபதுகளில் அதே தாயின் வழிவந்த கலப்பினங்களை அடிச்சாம்பல் நோய் வாரிக்கொண்டு போனது.

குரக்கன் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவதால், நீங்கள் நல்ல கதிராய்ப் பொறுக்கி வைக்கும் அதன் விதை பெரும்பாலும் குணம் மாறாது. கலப்பினச் சோளனில் அப்படிப் பொறுக்கி வைத்த விதை குணம் மாறிவிடும்.