அட்டைக்கடியும் வீட்டிலேயே தைக்கும் காலுறையும்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வால்பாறை, டாப்சிலிப், மேகமலைப் பக்கம் நடக்கிறவர்களுக்கு அட்டைக்கடி தப்பாது. இலங்கையின் சிங்கராஜ வனத்திலும் அப்படித்தான். ஊர் திரும்பிக் காலணியைக் கழற்றும்போது காலுறை முழுக்க இரத்தமாக இருப்பதைக் கண்டு பலரும் பதறிவிடுகிறார்கள். உடல்நலமுள்ள ஒருவருக்கு இதில் ஆபத்து மிகக் குறைவு.

இந்தக் காட்டு அட்டை குளத்து அட்டையைப் போல நீரில் வாழ்வதில்லை. ஈரச் சருகிலும் புல் நுனியிலும் பின்முனை உறிஞ்சியால் (பற்றிக்கொள்ளும் வட்டமான தசை) ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் ஆட்டியபடி காத்திருக்கும். தரையின் அதிர்வும் நம் உடற்சூடும் மூச்சும் அதற்கு வழிகாட்டிகள். பாதையில் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறவர் காலில்தான் அதிகம் ஏறும். நிற்க வேண்டுமானால் சருகில்லாத பாறை மேல் நில்லுங்கள்.

கடிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத புரதங்கள் உள்ளன. அதனால் அது வயிறு நிரம்பித் தானே விழுந்த பிறகும் சில மணி நேரம் இரத்தம் கசியலாம். மழைநீரோடு கலந்து வழிவதால் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். அடுத்த சில நாட்களுக்கு அரிப்பும் சிறு தடிப்பும் இருக்கும். சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதுதான் பெரும்பாலோர் தாமே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை.

ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். உப்பு, சுண்ணாம்பு, புகையிலை, பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். எரிச்சல் தாங்காமல் அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கக்கூடும். கிருமித் தொற்றுக்கு அது வழி. நெருப்பு நம் தோலையும் சுடும். விரல் நகத்தைத் தோலோடு படுக்கையாக வைத்து, முதலில் மெலிந்த முனையை (வாய் இருக்கும் பக்கம்) பக்கவாட்டில் தள்ளி விடுவியுங்கள். பிறகு பருத்த முனையை அதேபோல் எடுத்துச் சுண்டிவிடுங்கள். காயத்தைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுங்கள். காப்பித்தூள் அப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்; காயத்தில் அழுக்கு சேர்வதுதான் மிச்சம்.

கடிபடாமல் இருக்க, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையை வீட்டிலேயே தைக்கலாம். நாம் வழக்கமாகப் போடும் பின்னல் காலுறை பயன்படாது. காலில் இழுபட்டதும் அதன் கண்கள் விரியும். அட்டை நூலாக மெலிந்து நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த, வெளுக்காத காடாத் துணியையே நான் சொல்வேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரிந்தால் வேறு துணி எடுங்கள். வெளிர் நிறமாக இருப்பதும் நல்லது. ஏறுகிற அட்டை உடனே கண்ணில் படும். கஞ்சி போகவும் சுருங்க வேண்டியது சுருங்கவும் வெட்டும் முன் துவைத்துக் காயவிடுங்கள்.

வீட்டில் தைக்கும் பலர் தவறுவது கணுக்கால் அளவில். காடாத் துணி இழுபடாது என்பதால், கணுக்காலை மட்டும் அளந்து தைத்தால் குதிகால் உள்ளே போகாது. குதிகாலின் அடியிலிருந்து பாதத்தின் மேல்வளைவு வரை நாடாவைச் சுற்றி அளந்து, 4 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் வெட்டுப் படிவத்தில் கணுக்கால் பகுதியின் அகலம். தையலுக்கு இருபுறமும் 1.5 செ.மீ. தனியாக விடுங்கள். துணியை இரண்டாக மடித்து, காலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பாதத்தையும் கெண்டைக்காலையும் தளர்வாக வரைந்து வெட்டலாம். நெருக்கமான தையலாக இரண்டு வரிசை ஓட்டுங்கள். பாதமும் காலும் சேரும் உள்வளைவில், தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுக்காவிட்டால் துணி அங்கே இழுத்துக்கொள்ளும். பிசிறு வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளங்காலில் உறுத்தாது. மேல் விளிம்பை மடித்துத் தைத்து, பாவாடை நாடா கோத்துவிடுங்கள்.

உள்ளே மெல்லிய காலுறை, அதன்மேல் கால்சட்டை, அதற்கும் மேலே இந்த அட்டைக் காலுறை, பிறகு காலணி. நாடாவை முழங்காலுக்குக் கீழே, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கால் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள். காலுறை மேல் உப்பும் புகையிலையும் தடவுகிறார்கள். மழையில் அவை கரைந்துவிடும். ஊறிய தோலில் எரிச்சல்தான் மிஞ்சும். அரை மணிக்கு ஒருமுறை நாடா விளிம்பைப் பார்த்துத் தட்டிவிடுவது அதைவிடப் பயன் தரும்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் இத்தகைய பயணத்துக்கு முன்பே தம் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், அழுத்தியும் கசிவு நிற்காமல் நாள் கடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒவ்வாமை. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண்ணிலோ மூக்கிலோ ஒட்டிய அட்டையை நீங்களே எடுக்க முயல வேண்டாம்.

திரும்பியதும் காலுறையை உள்வெளியாகத் திருப்பித் துவைத்து, வெயிலில் முழுவதும் காயவைத்து, தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்து வையுங்கள்.