கலவரம் என்னும் சொல்லும் அதன் உறவினரும்

வியாபாரி சரக்கை நிறுத்துக் கொடுக்கிறான். சொல்லையும் அப்படித்தான் நிறுத்துக் கொடுக்க வேண்டும். சரக்கின் எடை கூடினால் நஷ்டம் நமக்கு. சொல்லின் எடை கூடினால் நஷ்டம் ஊருக்கு. ஆகவே இம்முறை ‘கலவரம்’ என்ற சொல்லையும் அதனோடு ஒத்த சில சொற்களையும் ஆராய்வோம்.

கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடை. பெருநாளுக்கு இரண்டு நாளே பாக்கி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கொடுக்கல் வாங்கல் விஷயமாகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருக்கிறார். கடைப்பையன் தொலைபேசியில், “முதலாளி, கடையிலே ஒரே கலவரம்!” என்கிறான். அவர் பேச்சைப் பாதியில் விட்டு, நெஞ்சு படபடக்க ஓடி வருகிறார். வந்து பார்த்தால், துணி வாங்க வந்த கூட்டம் நெருக்குகிறது, அவ்வளவுதான்! பையன் சொல்லியிருக்க வேண்டிய சொல் ‘அமளி’.

அமளி: இரைச்சலும் பரபரப்பும். கல்யாண வீட்டிலும் அமளி உண்டு, சந்தையிலும் உண்டு. அதில் தீங்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

களேபரம்: உடல் என்பது இதன் பழைய பொருள். இன்று தாறுமாறான குழப்பத்தைக் குறிக்கிறது. “ஸ்டோர் களேபரமாய்க் கிடக்கிறது” என்போம்.

அல்லோலகல்லோலம்: வடமொழியில் கல்லோலம் என்றால் பேரலை. அலைமேல் அலை மோதியதுபோல் ஊரே அலைக்கழிவது. 1971 ஜனவரியில் பெருவெள்ளம் சூழ்ந்தபோது கோலாலம்பூர் அல்லோலகல்லோலப்பட்டது.

கலக்கம், கலகம், கலவரம்: மூன்றும் ஒலியில் நெருங்கியவை. தெளிந்த நீரைக் கலக்கினால் அடிச்சேறு மேலே வரும் அல்லவா? மலாய் மொழியிலும் ‘கச்சாவ்’ என்ற ஒரே சொல், டோடோல் கிண்டுவதற்கும் தொந்தரவு செய்வதற்கும் வழங்குகிறது. இனி வேற்றுமையைக் கவனியுங்கள். கலக்கம் மனத்தில் எழுவது. கலகம் சண்டை, எதிர்த்தெழுதல். கலவரத்துக்கு இரு பொருள்: முகத்தில் தோன்றினால் அச்சம், தெருவில் தோன்றினால் அடிதடி, தீவைப்பு, உயிர்ச்சேதம்.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. நம் நாட்டில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 1967 ஜூன் 12-ல் பேங்க் நெகாரா புதிய டாலரை வெளியிட்டது. பழைய டாலரும் சம மதிப்பில் கூடவே புழங்கியது. நவம்பர் 18-ல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. பவுனை ஆதாரமாகக் கொண்ட பழைய டாலரும் உடன் இறங்கி, 85 புதிய காசாயிற்று. பெட்டியில் பழைய நோட்டு வைத்திருந்தவருக்கு 100-க்கு 15 போயிற்று. அன்று ஏற்பட்டது கலக்கம். நவம்பர் 24-ல் பினாங்கில் ஹர்த்தால் நடந்தது. ஹர்த்தால் குஜராத்திச் சொல். கடைக்குப் பூட்டு என்பதே அதன் கருத்து, நம் ‘கடையடைப்பு’. அது முற்றி மோதலாகி உயிர்களைக் கொண்டபோதுதான் கலவரம். முதல் நாளே ‘கலவரம்’ என்றிருந்தால் அது பொய். கடைசியில் ‘அமளி’ என்றிருந்தால் அதுவும் பொய்.

கோலாலம்பூருக்கு இச்சொல்லின் பாரம் நன்றாகத் தெரியும். 1969 மே 13-ல் தொடங்கிய கலவரத்தில், அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் மாண்டனர். அந்நாளில் கடைக்கதவை இழுத்துப் பூட்டிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, வண்டி நிறுத்துவதில் எழுந்த வாய்த்தகராற்றைக் ‘கலவரம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ‘தகராறு’ என்றால் போதும். எந்த இடம், எத்தனை மணி, நேரில் கண்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிற்க. நம்மவர் வழங்கும் ‘பித்னா’ என்ற சொல்லிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அரபியில் இதன் வேர், பொன்னை நெருப்பிலிட்டுச் சோதிப்பதைக் குறிக்கும். அதிலிருந்து சோதனை, குழப்பம் என்ற பொருள்கள் வந்தன. நம் வீட்டில் “குடும்பத்திலே பித்னா பண்ணாதே” என்றால் பிளவு உண்டாக்காதே என்று அர்த்தம். மலாய்க்காரருக்கோ அது அவதூறு! “கூட்டாளிகளுக்குள் பித்னா” என்று மலாய் வாடிக்கையாளரிடம் சொன்னால், ஒருவர்மேல் ஒருவர் பொய்ப்பழி சுமத்தினர் என்றே அவர் கொள்வார். மனத்தாங்கல் என்று சொல்ல நினைத்தது, குற்றச்சாட்டாகிவிடும்.

பயிற்சி: பொருத்தமான சொல்லை இடுக.
1. ஜும்ஆ முடிந்ததும் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரே …….
2. கணக்குப்பிள்ளை வராத வாரத்தில் மேசையெல்லாம் …….
3. சரக்கு வந்து சேரவில்லை என்றதும் அவர் முகத்தில் …….

விடை: 1. அமளி. 2. களேபரம். 3. கலவரம். மூன்றாவதில் அச்சொல்லைத் தாராளமாகப் போடலாம். அங்கே அது ஒருவர் முகத்தோடு நின்றுவிடுகிறது.