நான்காம் கற்பனையும் கைத்தொலைபேசியும்



பெற்றோரை மதித்து நடக்கும்படி நான்காம் கற்பனை எம்மைப் பணிக்கிறது. சோறும் மருந்தும் கொடுத்துவிட்டால் அக்கற்பனை நிறைவேறிவிடுமா?

2022 யூலையில் எரிபொருள் பெறுவதற்கு இணையத்தளத்தில் பதிய வேண்டுமென்ற முறை வந்தது. மாங்கேணி போன்ற ஊர்களின் முதியவருக்கு இத்தகைய வேளையில் பேரப்பிள்ளையே துணை. உதவி கேட்பது இழிவன்று. ஆனால், வங்கியின் இரகசிய இலக்கத்தையும் பிறரிடம் ஒப்படைக்க நேர்ந்தால் அது ஆபத்து.

குறை அவர்கள் அறிவில் இல்லை. நாற்பது வயதளவில் வெள்ளெழுத்து தொடங்குகிறது. முதுமையில் கண்வில்லை மஞ்சளித்து, ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. ஆகவே வெள்ளைத் திரையில் வெளிர்நீல எழுத்து மறைந்துபோகிறது. தமிழிலோ மெய்யெழுத்தின் புள்ளி மங்கினாலே சொல் மாறிவிடும்.

இதற்கு வழி உண்டு. உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் அமைப்பு 1999 முதல் விதிகளை வெளியிட்டு வருகிறது. அவற்றுட் சில:

1. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருத்தல் வேண்டும்.

2. எழுத்தை இரு மடங்கு பெருப்பித்தாலும் பக்கம் குலையக் கூடாது.

3. படிவம் நிரப்பக் காலக்கெடு இருந்தால், அதை நீடிக்க வசதி வேண்டும்.

4. பிழை நேர்ந்தால், எது பிழை என்பதைச் சொற்களால் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் போதாது.

பங்கின் பூசை நேரங்களையும் மரண அறிவித்தல்களையும் இணையத்தில் இடும் வாலிபரே, ஒரு மூதாட்டியிடம் உங்கள் பக்கத்தைக் கொடுத்து, அருகில் பேசாதிருந்து பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் திருத்தப்பட வேண்டியது பக்கமே, அவரல்ல.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல், யூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். அந்நாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அம்மம்மாவின் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அவர் கேட்டால் பொறுமையாகக் காட்டுங்கள். கையிலிருந்து பறித்து நீங்களே செய்துவிடாதீர்கள். அரிச்சுவடி கற்பித்தபோது அவர் எங்கள் விரலைப் பிடித்தார், ஏட்டைப் பறிக்கவில்லை.

குடும்பமாகச் சிந்திக்க: எங்கள் வீட்டு முதியவர் எதைத் தாமே செய்ய விரும்புகிறார்? அதற்குத் தடையாயிருப்பது எது?