செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்: பிராஸ் குவின்டெட்டுக்கு எழுதும் முறை

இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு ட்ராம்போன், ஒரு ட்யூபா. பியானோ கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மெலடி, கார்ட், தாளம் எல்லாம் ஐந்து பேரின் மூச்சிலிருந்தே வர வேண்டும். பழகுவதற்கு டபிள்யூ. சி. ஹாண்டி 1914-இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ அருமையான பாடல். அவரே கார்னெட் வாசித்தவர்.

எழுத உட்காரும் முன் பெஸ்ஸி ஸ்மித்தின் 1925 பதிவைக் கேளுங்கள். அவர் குரல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், ஒரு ஹார்மோனியம், அவ்வளவுதான். அவர் வரியை முடித்து மூச்செடுக்கும்போதெல்லாம் கார்னெட் பதில் சொல்கிறது. அந்த இடைவெளிகளைத் தாளில் வட்டமிடுங்கள். மற்ற கருவிகளுக்கு வேலை அங்கேதான்.

மூலம் ஜி மேஜர். அதில் எழுதினால் பி-ஃப்ளாட் ட்ரம்பெட்டுக்கு மூன்று ஷார்ப் வரும். எஃப் மேஜருக்கு இறக்கிவிடுங்கள். ட்ரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஜி மேஜரிலும், ஹார்னுக்குப் பஞ்சமம் ஏற்றி சி மேஜரிலும் எழுத வேண்டும். மற்ற இரண்டுக்கும் மாற்றம் வேண்டாம்.

முதலில் மெலடியும் ட்யூபாவும் மட்டும். அந்த இரண்டு வரிகளிலேயே பாட்டு நடக்கும்வரை வேறெதையும் சேர்க்காதீர்கள். பிறகு கார்டின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை ஹார்னுக்கும் ட்ராம்போனுக்கும் பகிர்ந்து கொடுங்கள். எஃப்7 என்றால் ஏ, இ-ஃப்ளாட். அடுத்து பி-ஃப்ளாட்7 வரும்போது ஏ, ஏ-ஃப்ளாட்டுக்கும் இ-ஃப்ளாட், டி-க்கும் இறங்கும். இருவரும் அரை ஸ்வரம் நகர்ந்தாலே போதும், கார்ட் மாறியது காதுக்குத் தெளிவாகத் தெரியும். எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் இது. ட்ராம்போனை ட்யூபாவுக்கு அருகே தாழ்த்தாதீர்கள், ஒலி கலங்கிவிடும்.

நடுவில் மைனரில் வரும் 16 பார் பகுதி ஹபனேரா தாளம். பாரை எட்டாக எண்ணி, 3-1-2-2 என்று ட்யூபாவுக்குக் கொடுங்கள். இங்கே ஸ்விங் கூடாது என்று எல்லார் தாளிலும் குறித்துவிடுங்கள். ப்ளூஸுக்குத் திரும்பும் பாரில் மறுபடி ‘ஸ்விங்’ என்று எழுதுங்கள்.

உதடு களைப்பதை மறக்க வேண்டாம். முதல் ட்ரம்பெட்டையே கடைசிவரை பாடவைத்தால் முடிவில் உச்ச ஸ்வரம் வராது. இரண்டாவது 12 பார் சுற்றை ட்ராம்போனிடம் கொடுங்கள். இரண்டாம் ட்ரம்பெட் பிளஞ்சர் மியூட்டோடு பதில் சொல்லட்டும், முதல் ட்ரம்பெட் ஓய்வெடுக்கட்டும். ஐவரும் சேர்ந்து முழங்குவதைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனித்தனித் தாள்களாகப் பிரிக்கும்போது, பக்கம் புரட்டும் இடத்தில் அவரவர் ஓய்வு விழும்படி அமையுங்கள்.