பட்டியலில் இல்லாத ஸ்டோரேஜ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பினாங்கில் பிறந்த ஹாக் டான் தலைமையிலான பிராட்காம், 2023 நவம்பரில் மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது; இனிச் சந்தாதான். பங்சாரில் ஒரு கணக்காய்வு அலுவலகமோ கிள்ளானில் ஒரு சரக்கு முகவரோ மூன்று சர்வரையும் நடுவே ஒரு பகிர்வு ஸ்டோரேஜையும் வைத்து விஎம்வேரை ஓட்டிவந்தால், அங்கே இப்போது ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ் என்ற மாற்றுத் தளங்களின் பெயர்கள் அடிபடும். புதிய தளத்தைப் பிடித்துவிடலாம். கையில் இருக்கும் ஸ்டோரேஜ் அதன் ஆதரவுப் பட்டியலில் இல்லாதபோதுதான் ஆளுக்கொரு கதை கிளம்புகிறது.

முதல் கதை: ‘பட்டியலில் இல்லையென்றால் ஓடவே ஓடாது.’ அப்படியில்லை. ஐஸ்கசி, ஃபைபர் சேனல், என்எஃப்எஸ் எல்லாம் பொதுத் தரங்கள். அவற்றைப் பேசும் ஸ்டோரேஜை, ப்ராக்ஸ்மாக்ஸின் அடியிலுள்ள லினக்ஸ் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளும். பட்டியலில் இல்லை என்றால் அந்த இணையைத் தயாரிப்பாளர் சோதித்துப் பார்க்கவில்லை, சிக்கல் வந்தால் பொறுப்பேற்க மாட்டார் என்றுதான் பொருள். இதற்கு நியூட்டானிக்ஸ் ஒரு விதிவிலக்கு. விஎம்வேரிலிருந்து வந்தவரும் ஐஐடி மெட்ராஸில் படித்தவருமான ராஜீவ் ராமசாமி நடத்தும் அந்த நிறுவனம், சர்வருக்குள் இருக்கும் வட்டுகளையே ஸ்டோரேஜாக்கி வளர்ந்தது. வெளி ஸ்டோரேஜுக்கு அது கதவைத் திறந்தது அண்மையில்தான். அதுவும் டெல் பவர்ஃபிளெக்ஸ், பியூர் ஸ்டோரேஜ் என்று பெயர் சொல்லி அழைத்தவற்றுக்கு. அங்கே பட்டியல்தான் சட்டம்.

எதிர்ப்பக்கக் கதை இதைவிட ஆபத்தானது: ‘ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மென்பொருள், எதை மாட்டினாலும் ஓடும்.’ மாட்டலாம். ஆனால் பழைய வசதிகள் கூடவே வந்துவிடாது. விஎம்வேரின் விஎம்எஃப்எஸ், பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதற்கென்றே உருவான கோப்பு முறைமை. எந்தக் கோப்பை எந்தச் சர்வர் பிடித்திருக்கிறது என்று பூட்டுப் போட்டுக் காக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் அதைத் தன் சேமிப்பிடமாக ஏற்பதில்லை. ஆகவே இடம் மாறும்போது, பழையதை அழிப்பதற்கு முன்பே புதியதை வைக்கக் காலி இடம் தேவை. இதைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறித்துவிடுபவர்கள் உண்டு.

சரி, ஸ்டோரேஜின் ஒரே லன்னை (சர்வருக்கு வட்டாகத் தெரியும் பகுதியை) இரண்டு சர்வருக்கும் காட்டி, சாதாரண எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்து, இரண்டிலும் மவுன்ட் செய்தால்? இரண்டு குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பேரேட்டின் ஒரே பக்கத்தில் எழுதுவது போலாகும். தரவு சிதையும், அதுவும் உடனே தெரியாது. சரியான வழி, பகிர்வு எல்விஎம் (லினக்ஸின் வட்டுப் பங்கீட்டு முறை). அதிலும் விலை உண்டு: 500 ஜிபி வட்டு என்றால், உள்ளே 80 ஜிபிதான் இருந்தாலும், முழு 500 ஜிபியும் ஒதுக்கப்பட்டுவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கும் எல்விஎம்-தின் முறையைச் சர்வர்களுக்கிடையே பகிர முடியாது. பகிர்வு எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி 2025 ஆகஸ்டில் வெளியான ப்ராக்ஸ்மாக்ஸின் 9ஆம் பதிப்பில்தான் வந்தது, அதுவும் முன்னோட்ட நிலையில். ஸ்டோரேஜ் என்எஃப்எஸ் பேசும் என்றால், மெய்நிகர் வட்டுகளைக் கியூகவ்2 கோப்புகளாக வைத்து இந்தத் தலைவலியில் பாதியைத் தவிர்க்கலாம்.

இன்னொன்றும் காதில் விழும்: ‘ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை.’ ஒன்றும் ஆகாத வாரத்தில் எந்த ஸ்டோரேஜும் நல்ல ஸ்டோரேஜ்தான். ஸ்டோரேஜின் ஒரு கன்ட்ரோலர் விழுந்து மற்றது பொறுப்பேற்கும் அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் எல்லாப் பாதையும் அறுந்தால் காத்திருப்பதா, பிழை என்று சொல்லிக் கைவிடுவதா என்பதை லினக்ஸின் மல்டிபாத் அமைப்பில் ‘நோ பாத் ரீட்ரை’ என்ற ஒரு வரி தீர்மானிக்கிறது. பட்டியலில் உள்ள கருவிக்கு அந்த மதிப்பைத் தயாரிப்பாளர் எழுதித் தருவார். இல்லாததற்கு நாமே கண்டுபிடிக்க வேண்டும். மெய்நிகர் கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கி, ஒரு கன்ட்ரோலரை மறுதொடக்கம் செய்து, ஒரு சர்வரின் மின்சாரத்தை வெட்டிப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல.

வங்கியாகவோ காப்புறுதி நிறுவனமாகவோ இருந்தால் பேச்சே வேறு. 2020 முதல் நடப்பிலுள்ள பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை, வாடிக்கையாளரைத் தொடும் முக்கிய அமைப்புகளின் எதிர்பாராத முடக்கத்துக்கு 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரம், ஒரு சம்பவத்துக்கு 120 நிமிடம் என்று வரம்பு வைக்கிறது. ஸ்டோரேஜ்காரர் ‘ஹைப்பர்வைசரைக் (மெய்நிகர் கணினித் தளத்தைக்) கேளுங்கள்’ என்றும், ஹைப்பர்வைசர்காரர் ‘ஸ்டோரேஜைக் கேளுங்கள்’ என்றும் கைகாட்டி முடிப்பதற்குள்ளேயே அந்த 120 நிமிடம் கரைந்துவிடும்.

சிறிய அலுவலகத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. அன்றாட வேலையைச் சர்வரின் உள்வட்டுகளுக்கோ பட்டியலில் உள்ள ஒரு சிறு ஸ்டோரேஜுக்கோ மாற்றிவிட்டு, பழைய பெட்டியைக் காப்புப் பிரதிகளின் இரண்டாம் நகலுக்கு ஒதுக்கலாம். முதல் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.