விளக்கை வைத்துக்கொள், ஒயரை மாற்று

அன்புள்ள தம்பிக்கு,

காரணீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஒயரிங் வேலை கிடைத்திருப்பதாகவும், கூடத்தில் தொங்கும் ஆறு கைப் பித்தளைச் சரவிளக்கை எடைக்குப் போடச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். போட விடாதே.

விளக்கும் கட்டடத்தின் ஓர் உறுப்புதான். எழும்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹென்றி இர்வின் கட்டிய மைசூர் அரண்மனையைப் பார். 1912-ல் முடிந்த அந்த அரண்மனையின் வளைவு, தூண், குவிமாடம் எல்லாவற்றையும் இன்று ஏறத்தாழ 97,000 பல்புகள் இருட்டில் கோடு போட்டுக் காட்டுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு ஃபிளட்லைட் அடித்தால் வெளிச்சம் இருக்கும். அந்த வடிவம் இருக்காது.

பழைய விளக்கில் ஆபத்து பித்தளையில் இல்லை, ஒயரில் இருக்கிறது. ஆறு 60 வாட் குண்டு பல்பு என்றால் 360 வாட். அதில் பெரும்பகுதி சூடாகவே போகும். அந்தச் சூட்டில் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே விளக்கின் உடம்பைக் காப்பாற்று, கரண்ட் போகும் வழியைப் புதுப்பி.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வை. கழற்றுமுன் படம் எடு. ஒவ்வொரு கைக்கும் கண்ணாடிக்கும் எண் கட்டு. குழாய் விளிம்பின் பிசிறைத் தேய்த்துவிட்டு, சூடு தாங்கும் புது ஒயரைப் பழைய குழாய் வழியாகவே இழு. உலோக உடம்புக்குக் கட்டாயம் எர்த் கொடு. மெக்கர் வைத்து ஒயரின் இன்சுலேஷனைச் சோதி. கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல். விரிசல் விட்ட பீங்கான் ஹோல்டரை மாற்று, பழையதை எறியாதே. மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்தரத்தில் இருக்கும் கொக்கி எடை தாங்குமா என்று பார்த்த பிறகே மாட்டு.

பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்காதே. பழைய லாக்கர் பூச்சு போய்விடும், செதுக்கு வேலையும் மழுங்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும். பல்புக்கு 2700 கெல்வின் எல்.இ.டி. வாங்கு, பழைய மஞ்சள் ஒளி கிடைக்கும், சூடு மிகக் குறைவு.

கடைசியாக, எதை மாற்றினாய், எதை வைத்தாய், என்றைக்குச் செய்தாய் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடு. அடுத்து வரும் எலெக்ட்ரீஷியன் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்